போர்ச்சு ஏறிருச்சி, கேட்டு மாட்டிக்கிச்சி!

வணக்கம் வணக்கம், எல்லாரும் பசியாறிட்டீங்களா? நான் இன்னும் இல்ல. அப்பா ரொட்டி சானாய் வாங்கப் போயிருக்காரு, அவரு வர்றதுக்குள்ள இதப் பேசிடணும், இல்லன்னா குறுக்க வந்து நின்னுக்குவாரு.

மொதல்ல இந்தக் காலப் பாருங்க. நேரா நிக்கிறேனா? நாலு வருஷமா இந்த எடத்துல எடுத்த எல்லா வீடியோலயும் "அக்கா, கேமரா கோணலா இருக்கு"ன்னு எழுதுவீங்க. கேமரா கோணல் இல்லலா, வீட்டு முன்னால காரு நிறுத்துற இந்தப் போர்ச்சுதான் கோணல்! இப்ப இல்ல. தூக்கியாச்சு. ஒடைக்கல, புதுசா ஊத்தல. அதே பழைய கான்கிரீட்டு, கீழ இருந்து தூக்கியிருக்கோம்.

ஆனா நான் சந்தோஷமா பேசுறேன்னு நெனைக்காதீங்க. எனக்கு இந்த கேட்டு மேல ரொம்பக் கடுப்பு. வர்றேன், அதுக்கு வர்றேன்.

பழைய ஆளுங்களுக்குக் கதை தெரியும். சிலாங்கூர் பந்திங்ல எங்க தாமான், அதான் இந்தக் குடியிருப்பு, முழுக்க முன்ன தோட்டம். மொதல்ல பால்மரம், அப்பறம் செம்பனை. வீடு பைல் மேல, ஆழமா எறக்குன தூணு மேல நிக்குது, அது அசையல. போர்ச்சுக்கு அடியில பைல் கெடையாது, மண்ணு மேல சும்மா ஊத்துன பலகை மாதிரி. மண்ணு எறங்குனா அதுவும் எறங்கும், வீடு அங்கயே நிக்கும். அதனாலதான் சுவத்துக்கும் போர்ச்சுக்கும் நடுவுல விரிசல் வருது, படி ஒயரமாவுது. வீடு உடைஞ்சிருச்சோன்னு பயந்து எழுதுறீங்கல்ல, முக்காவாசி கதை இதான். இந்தக் கடலோர மண்ணு, கிள்ளான்ல இருந்து மோரிப் வரைக்கும், அவ்ளோ மெத்து. சில எடத்துல பீட் மண்ணு வேற, எலை தழை மக்கிச் சேந்தது, தண்ணிய வடிச்சா தானா சுருங்கும். ஜுக்ரா மலை மேல வீடு வாங்கியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

எங்க வீட்டுல எறங்குனது ஒரு மூலைதான், கேட்டுத் தூண் பக்கம். ஏன் அந்த மூலை மட்டும்? அப்பாதான் சொன்னாரு. அவரு இந்தத் தோட்டத்துலயே வேலை செஞ்சவரு. "அங்கதான் காண் போச்சு"ன்னாரு. தண்ணி வடிய வெட்டுன பெரிய காண், எங்க மூலை வழியா, பக்கத்து வீடு, அதுக்கடுத்த வீடுன்னு நேரா சடக்க நோக்கிப் போவுதாம். நான் நம்பல. ரெண்டு பேரும் நடந்து போயிப் பாத்தோம். அதே கோட்டுல மூனு வீட்டுப் போர்ச்சும் எறங்கியிருக்கு! காண மூடி மேல வீடு கட்டிட்டாங்க, மண்ண ஒழுங்கா இடிச்சி இறுக்கல.

அதோட இன்னொன்னும் சேந்துக்கிச்சி. கூரைத்தண்ணி எறங்குற பைப்பு போர்ச்சுக்கு அடியிலதான் லோங்காங்குக்கு, அதான் சாக்கடைக்குப் போவுது. அப்பா பைப்போட மேல்முனையில ஒரு வாளி தண்ணி ஊத்துனாரு, அந்தப் பக்கம் அரை வாளிதான் வந்துச்சி. மீதி அரை வாளி எங்க போச்சு? அடியில பைப்பு முட்டி ஒடைஞ்சி, ஒவ்வொரு மழைக்கும் மண்ண அரிச்சிக்கிட்டுப் போயிருக்கு. சுத்தியல் பிடியால தட்டுனா ஒரு பக்கம் "டொக்கு டொக்கு", மூலையில "டம் டம்"னு மத்தளம். அடியில காலி! அந்தப் பைப்ப 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மொதல்ல மாத்துனோம். அத மாத்தாம தூக்குனா காசு தண்டம்.

தூக்குறதுக்கு மூனு பேருகிட்ட விலை கேட்டேன். மொத ஆளு வந்து பாக்கவே இல்ல, கேட்டுக்கு வெளிய மோட்டோல ஒக்காந்துக்கிட்டே, "எல்லாம் ஒடை, பிஆர்சி கம்பிவலை போட்டு புதுசா ஊத்து, 6,500." ஊத்துனா ஒரு வாரமாவது காடி ஏத்தக்கூடாது, முழுப் பலம் வர 28 நாளு. எனக்கு இந்த மாதிரி ஆளுங்களே புடிக்காது, பாக்காம மருந்து எழுதுற டாக்டர் மாதிரி.

ரெண்டாவது ஆளு சிமெண்டுக் குழம்ப பம்ப் பண்ணித் தூக்குவாராம், 2,400. அமெரிக்காவுல 1930கள்லயே வந்த பழைய முறை, கெட்ட முறைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்ம மண்ணுக்கு யோசிங்க. போர்ச்சு 6 மீட்டருக்கு 3 மீட்டரு, சராசரியா 4 சென்டிமீட்டர் காலின்னு வெச்சிக்குங்க. அத நெரப்ப 1.2 டன் குழம்பு வேணும். ஒரு மைவி காடிய விட அதிகம்! மெத்து மண்ணுல ஏற்கனவே எறங்குற எடத்துல ஒரு மைவியப் புதைச்சி வெச்சா அது சும்மா இருக்குமா?

மூனாவது ஃபோம், 3,900. ரெண்டு திரவம் துப்பாக்கிக்குள்ள சேரும், அடியில போயி பொங்கும், கெட்டியாவும். அதே காலிக்கு ஒரு 40, 50 கிலோதான். நான் இதத்தான் எடுத்தேன். 1,500 அதிகம்தான், தூக்கம் வரல ரெண்டு நாளா.

ஆங், சொல்ல மறந்துட்டேன், பைப்ப மொதல்ல மாத்தச் சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஒடைஞ்ச பைப்புக்குள்ள ஃபோம் பூந்துச்சின்னா பைப்பு முழுக்க அடைச்சிக்கும். அப்பறம் ஒடைக்க வேண்டியதுதான்.

ஃபோம் எப்பிடி அவ்ளோ எடையத் தூக்கும்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. நானும் அதத்தான் கேட்டேன். 10 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டர் கான்கிரீட்டு 240 கிலோ, எங்க போர்ச்சு முழுக்க 4.3 டன். ஆனா அந்த எடை அவ்ளோ பெரிய எடத்துல பரவிக் கெடக்கு. கணக்குப் போட்டா தூக்க வேண்டிய அழுத்தம் 0.34 பிஎஸ்ஐ. உங்க காடி டயருல 30 இருக்கும். டயருக் காத்துல நூத்துல ஒரு பங்கு! ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறத வெட்டி விடணும், அதுக்குக் கொஞ்சம் கூட வேணும், அவ்ளோதான். இதக் கேட்டதுல இருந்து பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன், சாப்பாட்டுக்கடை அண்ணன் ஓடுறாரு என்னப் பாத்தா.

காலையில ஒன்பதரைக்கு வந்தாங்க. மொதல்ல சுவத்தோரம், தூணோரம் வெட்டி விட்டாங்க. அப்பறம் 14 ஓட்டை, ஒவ்வொன்னும் 16 மில்லிமீட்டர், சுண்டுவிரல் அளவு. குழம்புக்குன்னா ரொம்பப் பெரிய ஓட்டை போடணும். மாஸ்க், கையொற எல்லாம் போட்டுக்கிட்டு, எங்கள வீட்டுக்குள்ள போவச் சொல்லிட்டாங்க, அந்தத் திரவத்த மோந்து பாக்கக்கூடாது. கொஞ்சம் அடிப்பாங்க, நிறுத்துவாங்க, அளப்பாங்க, திரும்ப அடிப்பாங்க. கண்ணுக்குத் தெரியாது. "கிர்ர்"னு ஒரு சத்தம் வரும், அவ்ளோதான்.

அளக்குறதுன்னதும் ஞாபகம் வந்துச்சி, டியூப்பு! இதுதான் இந்த வீடியோவுக்கே காரணம். அவங்க லேசர் வெச்சி அளந்தாங்க. அப்பா மொத நாளே டியூப்பு வெச்சி அளந்துட்டாரு. கண்ணாடி மாதிரி உள்ள தெரியிற பிளாஸ்டிக் டியூப்பு, மீட்டரு 1 வெள்ளி 20 காசு, 10 மீட்டரு, மொத்தம் 12 வெள்ளி. உள்ள தண்ணி ஊத்தி ரெண்டு முனையும் தூக்கிப் புடிச்சா ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டம், அத வெச்சி எவ்ளோ எறங்கியிருக்குன்னு பாக்கலாம். ஒரே ஒரு பிரச்சன, உள்ள காத்துக் குமிழி இருக்கக்கூடாது, இருந்தா பொய் சொல்லும். அந்தக் குமிழிய வெரட்ட முக்கா மணி நேரம்! அப்பா ஒரு முனைய ஏணி மேல, நான் ஒரு முனைய லோங்காங்கு ஓரத்துல, டியூப்ப சுண்டிச் சுண்டி. அதுக்கு மேல, தண்ணி கண்ணுக்குத் தெரியலன்னு அப்பா கோப்பி ஓ, அதான் கருப்புக் கோப்பி, ஊத்திட்டாரு. சீனி போட்டது! மறுநாள் டியூப்பு முழுக்க எறும்பு. ஆனா அளவு? அப்பா சொன்னது 58 மில்லி. லேசரு சொன்னது 60. அந்தத் தம்பி அப்பாவப் பாத்து, "அங்கிள், எந்தக் கம்பெனி லேசரு?"ன்னான். அப்பா கோப்பி டியூப்பத் தூக்கிக் காட்டுனாரு. அந்த மூஞ்சிய நான் எடுக்காம விட்டதுதான் என் வாழ்க்கையிலயே பெரிய தப்பு.

சரி, கேட்டு.

முந்தி உடும்பு வீடியோ போட்டேன்ல, கேட்டுக்கு அடியில சந்துல பூந்து, செருப்பு அலமாரிக்குள்ள படுத்துக்கிட்டு இருந்துச்சே? போர்ச்சு எறங்குனதால கேட்டுக்கு அடியில அவ்ளோ சந்து. அதுக்கப்பறம் 60 வெள்ளி கொடுத்து ஒரு இரும்புப் பட்டைய அடியில வெல்டிங் பண்ணி சந்த அடைச்சேன். மறந்தே போயிட்டேன். இப்ப போர்ச்சு ஏறுதுன்னா சந்து என்னாவும்? கேட்டு உள்பக்கமா தொறந்து கெடக்கு, கீழ கான்கிரீட்டு மேல வருது, மேல பட்டை. "கிரீச்"னு ஒரு சத்தம். நான் ஃபோமுன்னு நெனச்சேன். கேட்டு கீல்ல இருந்தே கொஞ்சம் எம்பி நிக்குது! மூடவும் முடியல, நகத்தவும் முடியல. அந்தத் தம்பிங்க, "அக்கா, கேட்டு எங்க வேலை இல்ல"ன்னு கை கழுவிட்டுப் போயிட்டாங்க. ஓட்டைய அடைச்சதுக்கு மட்டும் 50 வெள்ளி தனியா வாங்குனாங்க. விலையிலயே சேத்தின்னு நான் நெனச்சது என் தப்பா? அடைச்ச நெறமும் ஒத்து வரல, பாருங்க, 14 பொட்டு, வெளுத்துப் போயி.

அன்னிக்கு ராத்திரி முழுக்க கேட்டு தொறந்தே கெடந்துச்சி. அப்பா சாய்வு நாற்காலியப் போட்டு, கொசுவத்தி கொளுத்தி, மின்னல் வானொலி கேட்டுக்கிட்டு காவல். ரெண்டு தெருநாயி வந்து அவருகூடவே படுத்துக்கிச்சி. மறுநாள் அதே வெல்டிங்காரர வரச் சொல்லி, கிரைண்டர்ல பட்டைய வெட்டி எடுக்க 40 வெள்ளி. போட்டதுக்கு 60, எடுத்ததுக்கு 40, ஒரு துண்டு இரும்புக்கு 100 வெள்ளி. வெட்டும்போது அவரு சிரிச்சிக்கிட்டே வெட்டுனாரு, அதான் எனக்கு இன்னும் ஆறல.

அய்யோ, கடைசி அளவு சொல்லலல்ல? 52 மில்லி தூக்கியிருக்கு. அப்பா அளவுப்படி இன்னும் 6 மில்லி கேட்டேன், வேணாம்னுட்டாங்க, ஓரத்துல விரிசல் ஓட ஆரம்பிச்சிருச்சாம். அது சரிதான், அளவுக்கு மேல தூக்குனா திரும்ப எறக்க முடியாது. கால் மணி நேரத்துல கெட்டியாயிருச்சி, அன்னிக்குச் சாயங்காலமே காடி ஏத்திட்டேன்.

திரும்ப எறங்குமான்னு கேப்பீங்க. மேல காலியா இருந்தது நெறஞ்சிருச்சி. ஆனா ஆழத்துல இருக்குற மெத்து மண்ணு தன் பாட்டுக்கு எறங்கிக்கிட்டுதான் இருக்கும், ஃபோம் அத நிறுத்தாது. அதனால சுவத்துல பென்சில் கோடு போட்டு தேதி எழுதி வெச்சிருக்கோம். நேத்தோட மூனு வாரம். டியூப்பு வெச்சிப் பாத்தோம், வெறும் தண்ணிதான் இந்தத் தடவ. 1 மில்லி கொறையுது. அது மண்ணு எறங்குனதா, அப்பா கண்ணாடி போடாம பாத்ததான்னு ரெண்டு பேருக்கும் சண்ட. தோ, மோட்டோ சத்தம், அப்பா வந்துட்டாரு. திரும்ப அளக்கப் போறோம், நான் வெக்கிறேன்.