வாரின மண் எங்கே?

(எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில், ‘உண்மையான ஜனநாயக நாடு எது?’ என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)

விழாத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோயில் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்து இன்றும் முன்வரிசையில் உட்கார்ந்து என் கணக்கைத் திருத்தக் காத்திருக்கும் டீச்சர் அவர்களே! யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. போன வருடம் பெயர் சொன்னேன், ஒருவரை விட்டுவிட்டேன். அவர் ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை. இந்த முறை பந்தல் போட்டவரையும் மைக் செட் தம்பியையும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே கும்பிடு. கடற்கரையிலிருந்து நாளை அதிகாலை தொழிலுக்குப் போக வேண்டிய நிலையிலும் வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு கும்பிடு.

தலைப்பு பெரியது. மூன்று விஷயங்களைச் சொல்லலாம் என்று எழுதி வந்திருக்கிறேன். ஓட்டு, சட்டம், கேள்வி.

முதலில் ஓட்டு. இந்தியா முழுவதற்குமான முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. ஆனால் இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் நம் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்று திருவிதாங்கூரில் இருந்தன. அங்கே 1948 பிப்ரவரியிலேயே, சொத்து உண்டா, வரி கட்டினாயா என்று கேட்காமல், வயது வந்த ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டுக் கொடுத்துத் தேர்தல் நடந்துவிட்டது. அதாவது நம் பாட்டிமார் டெல்லிக்கு முந்திக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு வந்தது 1971-ல்தான்.

இந்தப் பாட்டிமாருடைய பாட்டிமார் யார்? தோளில் ஒரு துணி போட்டு மார்பை மறைத்துக்கொள்வதற்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டவர்கள். 1859-ல்தான் அரசாணை வந்தது, அதிலும் நிபந்தனை வைத்துத்தான் கொடுத்தார்கள். அங்கிருந்து 1948 வரை எண்ணிப் பாருங்கள், 89 வருடம். கேட்கக் கேட்கத்தான் கிடைத்தது. அந்த 1951-52 தேர்தலிலோ வட மாநிலங்களில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டு, ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய அம்மா’ என்று மட்டும் சொன்னதால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

‘கேளாத கடன் பாழ், பாராத பயிர் பாழ்.’ இந்தப் பழமொழியை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். ஓட்டு என்பது தானம் இல்லை, கடன். நம் அதிகாரத்தை ஐந்து வருடத்துக்குக் கைமாற்றாகக் கொடுக்கிறோம். கொடுத்தவன் கேட்க வேண்டாமா?

குடவோலையைச் சொல்லாமல் ஜனநாயகக் கூட்டத்தை முடித்தால் தமிழ் ஐயா என்னை விடமாட்டார், ஆகையால் சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூர், பராந்தக சோழன் காலம், ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது. நிலம் வேண்டும், சொந்த வீடு வேண்டும், வேதம் தெரிய வேண்டும் என்று நிபந்தனைகள். இந்தப் பந்தலில் இருக்கும் முக்கால்வாசிப் பேருடைய ஓலை குடத்துக்குப் பக்கத்திலேயே போயிருக்காது. ஆனாலும் அந்தக் கல்வெட்டில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருடைய பெயரை மறுபடி ஓலையில் எழுதக் கூடாது. அவருடைய சொந்தக்காரர்கள் பெயரையும் எழுதக் கூடாது! இன்றைக்கு இந்த விதி இருந்தால் எத்தனை வீட்டில் விளக்கு அணையும்!

சரி, ஒரு கதை சொல்கிறேன். நம் ஊர் இல்லை, பக்கத்து ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம். கிராம சபைக் கூட்டம். ஒரு மேசை, ஒரு தீர்மானப் புத்தகம், நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களிடம் முதலிலேயே வாங்கிவைத்த கையெழுத்து. எழுத்தர் மளமளவென்று வாசித்துக்கொண்டே போகிறார். ‘குளத்துக்கு வரும் ஓடை தூர்வாரப்பட்டது’ என்று ஒரு வரி. பின்னால் வேப்பமர மூட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்தார். கையில் மாட்டுக்கயிறு. மாடு வெளியே நிற்கிறது.

“சாரே, அந்த வரிய இன்னொருக்க வாசியும்.”

வாசித்தார்.

“வாரின மண்ண எங்க தட்டினிய?”

கூட்டம் சிரித்தது. எழுத்தர், கரையில் போட்டிருப்பதாகச் சொன்னார். “நான் தெனமும் அந்தக் கரையிலதான் மாட்ட மேய்க்கேன். மண்ணக் காணல. மாடு தின்னிருக்குமோ?” அவ்வளவுதான், சிரிப்பு அடங்கவில்லை. பாட்டியோ சிரிக்கவில்லை. “வாங்க, எல்லாரும் போய்ப் பாத்திருவோம்” என்று மாட்டை அவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். அறுபது எழுபது பேர் பின்னால் போனோம். ஆமாம், நானும்தான், வெள்ளை வேட்டியோடு. வழியில் டீக்கடையில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். டீக்கடைக்காரரே கடையை மகனிடம் விட்டுவிட்டுக் கூட வந்தார். போய்ப் பார்த்தால் ஓடை நிறைய ஆகாயத்தாமரை. மேலே ஒரு கொக்கு, தலைவரைப் போல நிமிர்ந்து நிற்கிறது. எழுத்தர் வியர்வையைத் துடைக்கிறார். யாரும் எதுவும் பேசவில்லை. பாட்டி மட்டும் மாட்டிடம் சொன்னார்: “பாத்தியா? நீ தின்னலன்னு எனக்குத் தெரியும்.”

மூன்றாம் வாரம் ஜேசிபி வந்தது. பாதி ஓடைதான் வாரினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். வாரின மண்ணை முழுக்கக் கொண்டுபோய்ப் பாட்டி வீட்டு நடைக்கு முன்னால் தட்டிவிட்டார்கள். மண் எங்கே என்று கேட்டாரே, இந்தா என்று! பாட்டி அதில் வாழை வைத்துவிட்டார். போன ஓணத்துக்கு எங்கள் வீட்டு ஏத்தன் சிப்ஸ் அந்தக் குலையில் போட்டதுதான்.

கதை நீண்டுவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சட்டத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, எனக்கு அடுத்துப் பேசும் வழக்கறிஞர் தம்பி நன்றாகச் சொல்வார். ஒன்று மட்டும். ஊராட்சியின் ஐந்து வருடம் முடியும் முன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் 2016-க்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் தேர்தல் நடக்காமல், அரசு வைத்த தனி அலுவலர்தான் நம் ஊராட்சியை நடத்தினார். 2025 ஜனவரியில் மறுபடியும் அதே கதை. நம்மில் எத்தனை பேருக்குத் தூக்கம் கெட்டது? தொகுதிக்கு ஆள் இல்லாவிட்டால் ஊரே பேசுகிறது, வார்டுக்கு ஆள் இல்லாவிட்டால் டீக்கடையில்கூடப் பேச்சில்லை. பாராத பயிர்!

இனி நான் வந்த காரியம். தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசித் தேதியைக் கவனியுங்கள். 1956-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் அது. மாலை போடுகிறோம், அந்த இணைப்புக்காகப் போராடிய நேசமணி ஐயா சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிறோம், கிராம சபைக்கு மட்டும் போவதில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. புதுத் தீர்மானம் எழுதும் முன்னால், போன கூட்டத்தின் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்து, ‘நடந்ததா, இல்லையா, ஏன்’ என்று சொல்ல வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பைசாச் செலவில்லை. பதினெட்டு வயதாகி, பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்தான். நிறையப் பேர் சேர்ந்து கேட்டால் வாசிக்காமல் இருக்க முடியாது.

காலையில் ரப்பர் பால்வெட்டுக்கும் கொத்தவேலைக்கும் போகிறவர்கள் எப்படி வருவது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, அதற்கும் பதில் வைத்திருந்தேன், டீச்சர் மணியைக் காட்டிவிட்டார்.

வாசல் மேசையில், பத்திரிகைகளுக்குப் பக்கத்தில், நீல அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெயர் எழுதுங்கள். பெண்கள் அவரவர் சொந்தப் பெயரையே எழுத வேண்டும். பேனாவை நூலில் கட்டிவைத்திருக்கிறேன், போன வருடம் மூன்று பேனா போயிற்று. டீ வந்துவிட்டது போலிருக்கிறது, வணக்கம்.