ஆலயமணியில் அந்தப் பாட்டு இல்லை!

வணக்கம் மக்களே! பின்னால் கேட்பது மழைதான், தகரத்தில் விழுகிறது. நிற்கட்டும் என்று காத்திருந்தால் இலங்கை மலைநாட்டில், இந்த ஹட்டன் பக்கம் ஒருவரும் வீடியோ போட முடியாது.

போன வீடியோவில் நான் அடித்துச் சொன்னேன் இல்லையா, 'ஆலயமணியின் ஓசையை நான் கேட்டேன்' பாட்டு 'ஆலயமணி' படத்தில்தான் வரும் என்று? வராது. அது 1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்துப் பாட்டு. 'ஆலயமணி' அதற்கு அடுத்த வருடம் வந்த படம். இரண்டுக்கும் இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி, இரண்டிலும் சிவாஜி, சரோஜாதேவி. குழம்பாமல் என்ன செய்வது? அம்மாயியும், அதாவது அம்மாவின் அம்மாவும், என் கட்சிதான். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர், பாட்டு வரும் வரும் என்று கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

இருங்கள், வயர் கதையைச் சொல்லாமல் போகக் கூடாது. போனிலுள்ள படத்தை டிவியில் போட எச்டிஎம்ஐ வயர் வேண்டுமே. டவுனில் முதல் கடையில் 2,200 ரூபாய் என்றார்கள். பேசிப் பேசி 1,900க்கு வாங்கி வந்தால், படம் தெரிகிறது, சத்தம் இல்லை! திருப்பிக் கொண்டுபோனால், பெட்டியை உடைத்துவிட்டீர்களாம், எடுக்க மாட்டார்களாம். உடைக்காமல் எப்படி ஐயா செருகிப் பார்ப்பது? பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்னக் கடையில் 1,150க்கு இன்னொன்று கிடைத்தது. போனை அங்கேயே குத்தி, சத்தம் கேட்ட பிறகுதான் காசு கொடுத்தேன். 1,150! இதோ பாருங்கள், இந்த நீல வயர்தான்.

சரி, படம். கே. சங்கர் டைரக்‌ஷன். தயாரித்தவர் யார் தெரியுமா, வில்லன் சிரிப்புக்குப் பேர்போன பி.எஸ். வீரப்பா. சிவாஜி தியாகு, பணக்காரன். தன்னுடையது என்றால் யாரையும் தொட விடமாட்டான். சின்ன வயதில் ஒரு பொம்மைக்காகக் கூட்டாளிப் பையனைத் தள்ளிவிட்டு, அந்தப் பையன் செத்தே போகிறான். வளர்ந்த பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரன் உயிர்க் கூட்டாளி, சேகர். சேகரும் மீனாவும் (சரோஜாதேவி) விரும்புகிறார்கள். அது தெரியாமல் தியாகுவும் மீனாவையே விரும்ப, சேகர் விட்டுக்கொடுத்துவிடுகிறான்.

இங்கேதான் எனக்கு எரிச்சல். எல்லோரும் அந்தத் தியாகத்துக்குக் கண்ணீர் விடுகிறார்கள். மீனாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? பொம்மை மாதிரியே அவளையும் கைமாற்றுகிறார்கள். நான் கத்தியதற்கு அம்மாயி வெற்றிலையை மடித்தபடி சொல்கிறார்: "அவளக் கேட்டா படம் அரை மணித்தியாலத்துல முடிஞ்சிருமே."

ஆனால் சிவாஜி கால் போய்ச் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. உடம்பு அசையாது, கண் மட்டும் சேகரையும் மீனாவையும் மாறி மாறிப் பார்க்கும். அந்தச் சந்தேகப் பார்வை ஒன்றே போதும் எனக்கு. 'சட்டி சுட்டதடா' பாட்டு வந்தபோது அம்மாயி வெற்றிலை மெல்லுவதையே நிறுத்திவிட்டார்.

ஆ, சொல்ல மறந்தேன், இதே கதை 1968இல் ஹிந்தியில் 'ஆத்மி'. திலீப் குமார் நடித்தது. எனக்குப் பார்க்கவே வேண்டாம்.

அடுத்த ஞாயிறு 'பாலும் பழமும்', கரண்ட் இருந்தால். மாமா மகன் வயரை இரண்டு நாளைக்குத் தா என்று காலையிலிருந்து நச்சரிக்கிறான். தரமாட்டேன். அம்மாயி இப்போது என்னைத் தியாகு என்றுதான் கூப்பிடுகிறார்.