கேசட்டுக்கு இரண்டு பக்கம் கிடையாது! வடசென்னையில் ஆல்பம் கேட்கும் பழக்கம் வந்த கதை

[தொடக்கக் காட்சி: கையில் ஒரு பழைய கேசட். பென்சிலை விட்டு நாடா சுற்றப்படுகிறது.]

வணக்கம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் ஏதாவது கிடந்தால், அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இந்த வீடியோவைப் பாருங்கள். ஏ பக்கம், பி பக்கம் என்று இரண்டு பக்கங்கள் இருப்பதாகத்தானே இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அந்த நாடாவில் பாட்டு பதிந்திருப்பது ஒரே ஒரு பக்கத்தில்தான்.

இதை ஏன் பேச வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வடசென்னையின் வியாசர்பாடியில் நண்பர்கள் ஞாயிறு மாலை டீக்கடையில் கூடினால், முதல் கேள்வியே "இந்த வாரம் இன்னா ஆல்பம் ஓடுது?" என்பதுதான். எந்தப் பாட்டு என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே போனபோதுதான் கேசட்டில் வந்து நின்றேன்.

பின்னணி சுருக்கமானது. பல பாட்டுகளை ஒரே தட்டில் அடக்கிய எல்.பி. இசைத்தட்டு 1948-இல் வந்தது; பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. இனி நாடாவுக்குள் போவோம்.

[திரையில்: நாடாவின் குறுக்குவெட்டு வரைபடம்]

நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதன் ஒரு பாதியில் ஏ பக்கப் பாட்டுகளும், மறுபாதியில் பி பக்கப் பாட்டுகளும் பதிந்திருக்கின்றன. நாம் கேசட்டைத் திருப்பிப் போடும்போது, நாடாவின் முதுகுப்புறம், பதிவைப் படிக்கும் பாகமான ஹெட்டுக்கு எதிரே வருவதில்லை. அதே பரப்பின் மற்றொரு பாதிதான் வருகிறது, அதுவும் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஆகவே ஏ பக்கத்தின் முதல் பாட்டும் பி பக்கத்தின் கடைசிப் பாட்டும் ஒரே இடத்தில், ஒரு மயிரிழை இடைவெளியில், எதிரெதிராகப் படுத்திருக்கின்றன.

இப்போது நம் ஊர்க் கேசட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஒரு படம், மறுபக்கத்தில் இன்னொரு படம். ஐந்தாறு பாட்டுகள், பாட்டுக்கு நான்கைந்து நிமிடங்கள் என்றால் ஏறக்குறைய அரை மணி நேரம். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்தின் அளவும் அதுவேதான். ஒரு படத்தின் பாட்டுகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல அந்தப் பக்கம் அமைந்துவிட்டது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. அரை மணிக்குக் கணக்குப் போட்டால் 85 மீட்டருக்கு மேல் வரும். கால்பந்து விளையாடும் எங்கள் ஏரியாப் பிள்ளைகளுக்கு வேறு விதமாகச் சொல்வதென்றால், மைதானத்தில் ஒரு கோலிலிருந்து புறப்பட்டு எதிரணியின் பெனால்டி பெட்டியை நெருங்கும் தூரம் அது.

ஹெட் சற்றே இடம் பிசகியிருந்தால், ஒரு படத்தின் பாட்டுக்குப் பின்னால் மறு படத்தின் பாட்டு பின்னோக்கி மெல்லக் கேட்கும். எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் அது கேட்கும்போதெல்லாம் "பேய் பாடுது" என்று பாட்டி சொல்வார், நாங்களும் நம்பினோம்.

ரெக்கார்டிங் கடைகள் அடுத்த அதிசயம். கோடு போட்ட தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், காலிக் கேசட்டில் பதிந்து தருவார்கள். எதற்குப் பின் எது, பக்கம் எங்கே முடிய வேண்டும் என்று யோசித்து அந்தத் தாளை எழுதியவர் ஒவ்வொருவரும் ஓர் ஆல்பத்தைத் தொகுத்தவர்தான் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கேசட் தெரு முழுவதும் கைமாறும்போது, அந்த வரிசையும் சேர்ந்தே கைமாறியது.

வரிசைக்கு அவ்வளவு மதிப்பு உண்டா என்று கேட்பவர்கள், 1986-இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக இசை மேதை தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) காணிக்கையாக்கப்பட்ட அதில், ஓர் உருப்படியின் பெயருக்கு 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்று பொருள். அதையடுத்து வருவதன் பெயருக்கு 'பிறகு பேசிக்கொண்டிருந்தோம்' என்று பொருள். பாக் இறந்து 17 ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் தியாகராஜர். அவர்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்த ஆல்பத்தைக் கலைத்துப் போட்டுக் கேட்டால், சந்திப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள்!

டீக்கடையில் இந்த வாரம் வந்த இரண்டு ஆல்பம் பெயர்கள், அறிவும் ஆஃப்ரோவும் 2019-இல் தந்த 'தெருக்குரல்', கானாவையும் ராப்பையும் ராக்கையும் இணைத்து 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் 'மகிழ்ச்சி'. இரண்டையும் முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள்.

[இறுதிக் காட்சி: கேசட் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள்]

நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் ஆல்பத்தின் பெயரை எழுதுங்கள். எந்தப் பாட்டிலிருந்து எந்தப் பாட்டுக்குப் போகும் இடம் உங்களுக்குப் பிடிக்கும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். இந்த வாரம் நான் கேட்பது, அப்பா பால்பாயின்ட் பேனாவால் பட்டியல் எழுதிப் பதிந்து வாங்கிய கேசட்டின் பி பக்கம். கடைசிப் பாட்டுக்கு நாடா போதாமல், இரண்டாவது சரணத்தின் நடுவிலேயே 'டக்'கென்று நின்றுவிடும். அதே பாட்டைச் செல்பேசியில் முழுதாகக் கேட்டாலும், அந்த இடம் வந்ததும் என் காது அந்த 'டக்' ஓசைக்காகக் காத்திருக்கிறது.