வெள்ளம் கேட்ட பிள்ளை

நடுவர் அவர்களே, கொழிஞ்சாம்பாறைச் சொந்தங்களே, வணக்கம். தொடக்கக் கல்வி தரமாக முதலில் வேண்டியது கருவியா, ஆசிரியரா என்பது தலைப்பு. கருவிக்காகப் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில், "டேப்லெட் லீவு போடாது, சம்பளம் கேட்காது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் ஒன்றாம் வகுப்பு படித்தது கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஆனைமலையை ஒட்டிய ஊரில். அப்பா தமிழ், அம்மா மலையாளம் என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். எழுந்து நின்று, "டீச்சர், வெள்ளம் வேணும்" என்றாள். உங்களுக்குப் புரியும், மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்; இங்கே கேரளத்தில் பாதி வீட்டில் குடத்தில் இருப்பதே வெள்ளம்தான். எங்களுக்கு அது ஊரை அடித்துக்கொண்டு போவது! "வெள்ளம் வந்தா ஓடணும்டி" என்று ஒருவன் கத்த, இன்னொருவன் பெஞ்சு மேல் படுத்து நீச்சலடித்துக் காட்ட, வகுப்பே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். அவள் தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள்.

திங்கட்கிழமை டீச்சர் கரும்பலகையில் ஒரு குடம் வரைந்து, கீழே 'வெள்ளம்' என்று எழுதினார். "நம்ம ஆழியாறு எல்லை தாண்டினா சித்தூர்ப்புழை. பேர் மாறுது, தண்ணி மாறுதா?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சொல்லை எங்களுக்குச் சொல்லித்தர அவளையே கூப்பிட்டார். அன்றைக்குத்தான் அவள் குரலை நாங்கள் மறுபடி கேட்டோம்.

அண்ணே, 'வெள்ளம்' என்ற சொல்லுக்கு டேப்லெட் பொருள் சொல்லிவிடும். வாய் திறக்காமல் குனிந்திருக்கிற பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று அது கேட்குமா?

2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படியே தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்தான். வகுப்போ 5. ஒருவருக்கு அகரம், ஒருவருக்குப் பின்னம், எல்லாம் ஒரே அறையில். 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லித்தருகிறது. நல்ல திட்டம். ஆனால் எந்தப் பிள்ளை அரும்பு என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டாமா?

டீச்சர் ஓய்வு பெற்ற நாளில் அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். மாலை போடவில்லை, மைக் பிடிக்கவில்லை. வெயிலில் நின்று வியர்த்துப்போயிருந்த டீச்சரிடம் ஒரு செம்பை நீட்டி, "வெள்ளம் குடிங்க டீச்சர்" என்றாள். டீச்சர் முழுச் செம்பையும் குடித்து முடிக்கிற வரைக்கும் நாங்கள் யாரும் பேசவில்லை.