அரிசிப் பைக்குள் வந்த போன்

வணக்கம் நேயர்களே. புறக்கோட்டையில் பல வருடங்களாகப் போன் திருத்துகிறவன் நான். மைக்குக்கு முன்னால் உட்காருவது இதுதான் முதல் தடவை. கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கதைப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் வெள்ளவத்தையில் இருந்து ஓர் அக்கா கடைக்கு வந்தார். கையில் சம்பா அரிசிப் பை, பைக்குள் போன். காலிமுகத்திடலில் இறால் வடையும் கையுமாக நின்று படம் எடுக்கும்போது அலை அடித்துவிட்டதாம். “மூன்று நாள் அரிசிக்குள்ளதான் வச்சிருந்தனான் தம்பி. நேற்று நல்லா வேலை செய்தது. இண்டைக்குச் செத்துப்போச்சு” என்றார்.

கழற்றினேன். சார்ஜர் செருகும் ஓட்டைக்குள் ஒரு குறுணி ஊறிப் பருத்து இறுகிக் கிடந்தது. அதை ஊசியால் கிண்டி எடுக்கவே பத்து நிமிடம். உள்ளே மதர்போர்ட்டில் தேங்காய்ப்பூ தூவியதுபோல வெள்ளை, அதற்கு நடுவில் பச்சை. செப்புக் குடத்தில் களிம்பு பிடிக்குமே, அதே பச்சைதான்.

போனைக் கொல்வது தண்ணீர் மட்டும் அல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும், பற்றரியில் இருந்து வரும் மின்சாரமும் கூட்டுச் சேர்ந்துதான் கொல்கின்றன. ஈரமான இடத்தில் மின்சாரம் ஓட ஓட, செம்பு கரைந்து அரித்துப்போகிறது. கடல் நீரில் லீட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஈரம் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருக்கும். கொழும்புக் காற்றில் உள்ள ஈரத்தை அது திரும்பவும் இழுத்துக்கொள்ளும். நேற்று வேலை செய்த போன் இன்று சாவது இதனால்தான்.

ஆகவே நனைந்த உடனே போனை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே அணைந்திருந்தால் அப்படியே விடுங்கள். “வேலை செய்யுதா” என்று அழுத்திப் பார்க்கக் கை துடிக்கும். எனக்குத் தெரியும். ஒரு ஐப்பசி மழையில் என் சொந்தப் போன் வாளிக்குள் விழுந்தது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் மூன்று தரம் பட்டனை அழுத்திப் பார்த்தேன். திரை போயிற்று.

சரி, அணைத்தாயிற்று. அப்புறம் கவரைக் கழற்றி, சிம்மையும் வெளியே எடுத்து, பருத்தித் துணியால் துடையுங்கள். சார்ஜர் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். உதறவோ ஊதவோ வேண்டாம், தண்ணீர் இன்னும் உள்ளே போகும். பிறகு பேன் காற்றில் நிறுத்தி வையுங்கள். ஒரு முழு நாளாவது சார்ஜர் பக்கமே போகக் கூடாது. வெயிலும் வேண்டாம், ஹெயார் டிரையரும் வேண்டாம். சூட்டில் பசை இளகும், பற்றரியும் கெடும். பின்பக்கம் ஊதி எழும்பியிருந்தால் அழுத்தாமல் நேரே கடைக்குக் கொண்டுவாருங்கள்.

அரிசி ஈரத்தை இழுக்கும் என்பது முழுப் பொய் இல்லை. ஆனால் மூடிய போனுக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே கிடக்கும் அரிசி எப்படி இழுக்கும்? சும்மா பேன் காற்றில் வைத்தாலே அதைவிட நல்லது. அரிசிக்குள் வைக்காதீர்கள், துகள்கள் போனைக் கெடுக்கும் என்று அப்பிள் கம்பனியே தன் அறிவுறுத்தலில் எழுதியிருக்கிறது.

“என்னுடையது ஐபி 68, தண்ணீர் போகாது” என்பார்கள் சிலர். ஐபி 68 என்பது போன் தண்ணீர் தாங்குமா என்று சோதித்துக் கொடுக்கும் தரக்குறி. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புதுப் போனை வைத்துச் செய்வது. கடலுக்கும் நீச்சல் குளத்துக்கும் அது பொருந்தாது. ஓரத்து ரப்பரும் பசையும் நாள்படத் தளர்ந்துவிடும். ஒரு தரம் திரை மாற்றிய போன் என்றால் நம்பவே வேண்டாம். திரை மாற்றாத ஐபி 68 போனில் கடல் நீரோ இனிப்புத் தேநீரோ பட்டால், அணைத்துவிட்டு மெதுவாக நல்ல தண்ணீரில் அலசித் துடைக்கலாம். கம்பனிக்காரரே அப்படித்தான் சொல்கிறார்கள். சாதாரணப் போனை அலசப் போகாதீர்கள். அணைத்து, அன்றைக்கே திருத்துகிறவரிடம் கொடுங்கள். அவர் கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் என்கிற சீக்கிரம் காயும் திரவமும் பிரஷும் வைத்து உப்பைத் துடைத்தெடுக்க வேண்டும். களிம்பு பிடிக்க முன்னம் வந்தால் வேலை சுலபம், செலவும் குறைவு.

இன்னொன்று. கழற்றிய சிம்மை மேசையில் போட்டு வைக்காதீர்கள். துடைத்து வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டுவிடுங்கள். பாங்க்கில் இருந்து வரும் ஓடிபி அதற்குத்தானே வரும்.

அக்காவின் போன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மதர்போர்ட்டைக் கழுவி, சார்ஜிங் பின் மாற்றினேன். போனுக்குத் திரும்ப உயிர் வந்தது. மகளின் சாமத்திய வீட்டுப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. முதல் வேலையாக அவற்றை வேறு இடத்துக்கு ஏற்றிக் கொடுத்தேன், இந்தப் போன் எத்தனை நாளைக்கு ஓடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. காசைக் கொடுத்துவிட்டுப் போகும்போது அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு, “இதைச் சமைக்கலாமா தம்பி?” என்றார். நான் என்றால் சமைக்க மாட்டேன் அக்கா என்றேன்.