ஒட்டிய தாளுக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கொரோனா பெருந்தொற்றுக் கால வாழ்க்கையை உள்ளபடி சொல்வது நாட்குறிப்புகளா, பொது இடத்து அறிவிப்புகளின் படங்களா? இதுதான் தலைப்பு. நாங்கள் படங்களின் பக்கம்.

எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? "அறிவிப்பு அதிகாரத்தின் குரல், அதில் கண்ணீர் உண்டா?" என்றார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன், பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மருத்துவமனை வாசல்களில் "பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒட்டினார்களே, அந்தத் தாளை நினைத்துப் பாருங்கள். உள்ளே ஒருவர் மூச்சுக்குப் போராட, வெளியே குடும்பம் நிற்க, நடுவில் மறித்து நின்றது அந்த ஒரு வரி. இதற்கு மேல் என்ன கண்ணீர் வேண்டும் ஐயா?

சரி, நாட்குறிப்பை யார் எழுதினார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வசதி இருந்தவர்கள் எழுதினார்கள். வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோனவருக்கும், கிருமிநாசினி ஊற்றித் தரை துடைத்தவருக்கும் அதற்கு ஏது நேரம்? அவர்கள் எழுதியது கிடைக்காது. அவர்களுக்கு எழுதியது கிடைக்கும். "பொருளை வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போகவும்." வீட்டுக்காரரின் பயமும், அந்தப் பயத்தைத் தாண்டி வாசல்வரை வந்துபோன ஒருவரின் வேலையும் அந்த வரியில் இருக்கின்றன. அதை யாரோ படம் பிடித்ததால்தான் அவரைப் பற்றி இங்கே பேச முடிகிறது.

அப்புறம், நம் ஞாபகம் இருக்கிறதே, அதை நம்பவே கூடாது. முகக்கவசம் போட்டோம், ஊசி போட்டோம், முடிந்தது என்று மூன்றே வரியில் கதை சொல்கிறோம். நடந்தது அப்படியா? உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்றது. பொதுமக்கள் துணிக்கவசம் அணிய ஊக்குவிக்கலாம் என்று அரசுகளுக்கு அது ஆலோசனை சொன்னது ஜூன் 5 அன்று! ஆளுக்கு ஆள் விட வேண்டிய இடைவெளியையும் பாருங்கள். அந்த நிறுவனம் 1 மீட்டர் என்றது, ஜெர்மனி 1.5 மீட்டர் என்றது, அமெரிக்கா 6 அடி என்றது. வைரஸ் ஒன்றுதான், எல்லை தாண்டியதும் அது தாவும் தூரம் மட்டும் மாறிவிட்டது! தரையில் ஒட்டிய வட்டங்களைப் படமெடுத்தவரிடம் இந்தக் கூத்து அப்படியே இருக்கிறது.

மூடிய கதவுகளில் "இரண்டு வாரம்" என்று எழுதி, அதை அடித்து "நான்கு" ஆக்கி, கடைசியில் "மறு அறிவிப்பு வரும் வரை" என்று மேலே இன்னொரு தாளை ஒட்டினார்கள். அந்தக் கிறுக்கலைவிட நேர்மையான நாட்குறிப்பு உண்டா? எதிர்காலம் வாசிக்கும் என்று நினைத்து யாரும் அதை எழுதவில்லை. அதனால்தான் நம்புகிறேன்.

1918-இன் பெருந்தொற்றான இன்ஃபுளுவென்சா காய்ச்சலுக்கு வருவோம். "முகக்கவசம் அணி, இல்லையேல் சிறைக்குப் போ" என்ற அட்டையோடு கலிஃபோர்னியாவின் மில் வேலியில் சிலர் நிற்கும் படம் இன்றும் இருக்கிறது. எச்சில் துப்பினால் நோய் பரவும் என்று எச்சரிக்கும் பிலடெல்பியா பலகையின் படமும் இருக்கிறது. மனிதரில் அந்த நோயைத் தரும் வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-இல்தான். எதனால் சாகிறோம் என்று தெரியாமலே பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள்! அந்தத் தவிப்பு படத்தில் தெரிகிறது.

எதிரணி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எழுத்தை மட்டும் நெருக்கி எடுத்த படத்தால் பெரிய பயன் இல்லை. கதவு, சுவர், பக்கத்தில் கிழிந்து தொங்கும் பழைய தாள், எடுத்த தேதி எல்லாம் வேண்டும்.

2023 மே 5 அன்று உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்றார்கள். அதற்குப் பிறகும் சில இடங்களில் தரை வட்டங்கள் கிடந்தன. அவை எப்போது போயின? அடுத்துப் பேச வரும் எதிரணி அன்பர் தம் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துச் சொல்லட்டும். என்னிடம் படம் இருக்கிறது.