வந்த பாகத்தை வந்ததும் படிப்போம்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியிலும் இருக்கும் நண்பர்களுக்கும், அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

அமானுஷ்யத் தொடர் நாவல்களின் முழுச் சுவை எப்போது கிடைக்கிறது? ஒவ்வொரு பாகமும் வெளிவர வெளிவரப் படிக்கும்போதா, எல்லாப் பாகங்களும் முடிந்த பிறகு சேர்த்துப் படிக்கும்போதா? இதுதான் இன்றைய கேள்வி. வெளிவர வெளிவரப் படிப்பதுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, கதை பாதியில் தொங்குகிறது என்றார். அடுத்த பாகம் வருவதற்குள் முந்தையது மறந்துவிடுகிறது என்றார். எழுத்தாளர் முடிக்காமலே விட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்.

பாதியில் தொங்குவதை முதலில் பார்க்கலாம். இந்த வகையில் பல தொடர்களில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாக ஒரு வழக்கு இருக்கும். ஊரில் ஒரு கொலை நடக்கும். செய்தது மனிதன் இல்லை என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். கடைசி அத்தியாயத்துக்குள் அது எது, ஏன் செய்தது என்று தெரிந்து கணக்குத் தீர்ந்துவிடும். பாகம் தாண்டி ஓடுவது வேறு கதை. நாயகிக்குள் வளரும் சக்தி எங்கிருந்து வந்தது, ஓநாயாக மாறும் மனிதர்களின் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்து அவள் நம்பிக்கையைப் பெற்றவன் உண்மையில் யார் பக்கம் என்பது போன்ற நீண்ட இழைகள் அவை. ஆக, ஒரு பாகம் படித்தவருக்கு ஒரு முழுக் கதையும் கிடைக்கிறது, அடுத்ததற்கான ஏக்கமும் கிடைக்கிறது. அந்தரத்தில் நிறுத்தும் பாகங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே அப்படித்தான் என்பது போல் தோழி பேசியது சரியில்லை.

நடுவர் அவர்களே, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அமானுஷ்யக் கதை விதிகளால் ஆனது. 1897-இல் வந்த ‘டிராகுலா’ நாவலில், வீட்டார் யாராவது அழைத்தால் ஒழிய ரத்தக் காட்டேரி முதல் முறை உள்ளே வர முடியாது. கண்ணாடியில் அதன் உருவம் தெரியாது. பகலில் அது நடமாடும், ஆனால் சக்தி குறைந்துவிடும். வெயில் பட்டால் அழிந்துபோகும் என்ற விதியைப் பரப்பியது 1922-இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற மௌனப் படம். பின்னால் வந்த எழுத்தாளர்கள் இவற்றில் சிலவற்றை வைத்துக்கொண்டார்கள், சிலவற்றை மாற்றினார்கள், சிலவற்றைத் தூக்கிப் போட்டார்கள். ஒரு தொடரின் முதல் பாகத்தைப் படிக்கும்போது நாம் அந்த உலகத்தின் விதிகளைக் கற்றுக்கொள்கிறோம். அப்புறம் ஒரு வருடம் அந்த விதிகளோடு வாழ்கிறோம். வாசலைத் தாண்ட அதற்கு அனுமதி இல்லை, வீட்டுக்குள் இருந்தால் பயமில்லை என்று மனம் அமைதியாகிவிடுகிறது. புதிய பாகம் வருகிறது. அழைக்காமலே ஒன்று வாசலைத் தாண்டி உள்ளே வருகிறது. அந்த வரியில் முதுகுத்தண்டு சில்லிடுகிறதே, அதற்குக் காரணம் அந்த ஒரு வருட நம்பிக்கை. முதல் பாகத்தைக் காலையிலும் இரண்டாவதை மாலையிலும் படிக்கிறவருக்கு விதி மனதில் ஊறவே நேரமில்லை. அது உடைந்தால் ‘ஓ, மாற்றிவிட்டாரா’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். எழுத்தாளர் வைத்த மிகப் பெரிய அதிர்ச்சி அவருக்கு வெறும் தகவலாகப் போய்ச் சேர்கிறது.

அச்சம் என்பதே அடுத்து என்ன என்று தெரியாத நிலைதானே! பதின்மூன்று பாகங்கள் அலமாரியில் வரிசையாக நிற்கும்போது, மூன்றாம் பாகத்தில் நாயகிக்கு உயிராபத்து என்றால் யார் பயப்படுவார்கள்? மிச்சமிருக்கும் பத்துப் பாகங்களின் முதுகே அவள் பிழைத்துவிடுவாள் என்று சொல்லிவிடுகிறதே.

இந்த வகைக் கதைகள் வளர்ந்த விதத்தையும் எதிரணி நினைத்துப் பார்க்கட்டும். 1845-லிருந்து 1847 வரை இங்கிலாந்தில் ‘வார்னி தி வேம்பயர்’ என்ற ரத்தக் காட்டேரிக் கதை ஒரு பென்னி என்ற சில்லறை விலையில் வாராவாரம் துண்டு துண்டாக வந்தது. லெ ஃபானு என்ற எழுத்தாளரின் ‘கார்மில்லா’ என்ற ரத்தக் காட்டேரிக் கதையும் 1871, 72-இல் ஒரு பத்திரிகையில் தொடராகத்தான் வந்தது. காத்திருந்து படித்த வாசகர்களின் கையில் வளர்ந்த இலக்கியம் இது.

சரி, மறந்துபோகிறது என்ற குறைக்கு வருகிறேன். புதிய பாகம் அறிவிக்கப்பட்டதும் பழையவற்றை எடுத்து மறுபடி படிக்கும் சுகத்தைத் தோழி அனுபவித்திருந்தால் இதைக் குறையாகச் சொல்லியிருக்க மாட்டார். முதல் வாசிப்பில் கதை இழுத்துக்கொண்டு போகும். மறு வாசிப்பில்தான் எழுத்தாளர் ஒளித்து வைத்தவை கண்ணில் படும். இந்த ஆள் மட்டும் ஏன் வெள்ளிக் கரண்டியைத் தொடவில்லை, வெள்ளி ஆகாத ஓநாய் மனிதனோ? அந்தப் பாட்டி ஏன் ஒருமுறைகூடத் தன் முழுப் பெயரைச் சொல்லவில்லை? இப்படிக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு புதிய பாகத்தைத் திறக்கிறோம். நாம் ஊகித்தது சரியாக இருந்தால் எழுத்தாளரோடு கைகுலுக்கியது போல் ஒரு மகிழ்ச்சி. தவறினால் நம்மை அழகாக ஏமாற்றிவிட்டாரே என்று அதைவிடப் பெரிய மகிழ்ச்சி. விடை பக்கத்துப் புத்தகத்திலேயே இருக்கும்போது உட்கார்ந்து ஊகிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

நீண்ட காத்திருப்புகளும் உண்டு. சிகாகோவில் துப்பறியும் மந்திரவாதியின் கதையான ஜிம் புட்சரின் ‘டிரெஸ்டன் ஃபைல்ஸ்’ தொடரில் 2014-இல் ஒரு நாவல் வந்தது. அடுத்த நாவல் வந்தது 2020-இல். அந்த ஆறு வருடங்களில் வாசகருக்கு வேலை மாறியிருக்கும், குழந்தை பிறந்திருக்கும், நெருங்கிய ஒருவரை இழந்தும் இருக்கலாம். மறுபடி அந்த மந்திரவாதியைச் சந்திக்கும்போது அவர் சுமக்கும் இழப்பு முன்பு புரிந்ததைவிட வேறு மாதிரி புரிகிறது. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் படித்து முடிப்பவர் கதை தொடங்கும்போது இருந்த அதே மனிதராகத்தான் கடைசிப் பக்கத்தையும் மூடுகிறார்.

முடிவு பிடிக்காமல் போனால் என்ற கவலையும் எதிரணிக்கு இருக்கிறது. ரத்தக் காட்டேரிகளோடு பழகும் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் என்ற பெண்ணைப் பற்றி ஷார்லைன் ஹாரிஸ் எழுதிய நாவல்கள் 2001-இல் தொடங்கி 2013-இல் பதின்மூன்றாவதோடு முடிந்தபோது, முடிவை ஏற்காத வாசகர்கள் கொதித்துப் போனார்கள். உண்மைதான். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். பன்னிரண்டு வருடம் ஒரு பெண்ணோடு கூடவே நடந்தவர்களுக்குத்தான் அவள் யாரைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதில் அவ்வளவு வலி வரும். அந்த வலியும் வாசிப்பு தந்ததுதான். முடிவு சரியில்லை என்று கேள்விப்பட்டு முதல் பாகத்தையே தொடாமல் விடுகிறவருக்கு என்ன கிடைத்தது?

கடைசியாக, எழுத்தாளர் முடிக்காமல் விட்டால் என்ற கேள்வி. ஒரு தொடர் நிற்பதற்கு எழுத்தாளர் மட்டுமே காரணமில்லை, நடுவர் அவர்களே. முதல் இரண்டு பாகங்கள் விற்கவில்லை என்றால் பதிப்பகம் மூன்றாவதற்கு ஒப்பந்தம் போடத் தயங்கும். ‘முழுசா முடியட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் முடிவதற்குத் தொடரே இருக்காது. எதிரணி நண்பர்கள் சேர்த்துப் படிக்க ஆசைப்படும் அந்தக் கடைசிப் பாகம், இன்றைக்கு வந்த பாகத்தை இன்றைக்கே வாங்கிப் படிக்கிறவர்களால்தான் எழுதப்படுகிறது. எல்லோரும் உங்களைப் போலவே காத்திருந்தால் அதை யாருக்காக எழுதுவார்கள் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்த அவைக்குச் சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.